ஆரஞ்சு ஜோடிக்குக் கறுப்புக் குட்டி: பொமரேனியனின் நிறத்தையும் வம்சத்தையும் வாசிக்கும் வழி

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஓர் அடைமழை இரவில் எங்கள் வீட்டுப் பொமரேனியன் பெட்டை நான்கு குட்டிகளை ஈன்றது. தாய் ஆரஞ்சு. பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கடுவனும் ஆரஞ்சு. குட்டிகளில் இரண்டோ அடுப்புக் கரியில் புரட்டி எடுத்ததைப் போல நல்ல கறுப்பு. மறுநாள் கடுவனின் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "தங்கச்சி, உங்கள் லயத்துப் பக்கம் கறுப்பு நாய் ஏதும் திரிகிறதா?" என்று கேட்டார். தனக்குச் சேர வேண்டிய குட்டியும் வேண்டாம் என்றுவிட்டார். அந்த வாரம் முழுக்க என் பெட்டையின் ஒழுக்கம்தான் அக்கம்பக்கத்தில் பேச்சு.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன். பொமரேனியனை வைத்துச் சொல்கிறேன்; டாக்ஸ்ஹவுண்ட், சிவாவா போன்ற மற்றச் சிறு நாய்களுக்கும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

படி 1: வெளிச்சத்தில் நிறுத்துங்கள்

மலைநாட்டில் நிறம் பார்க்க நேரம் பார்க்க வேண்டும். பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் கிரீமும் வெளிர் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். மஞ்சள் பல்பின் கீழே எல்லா நாயும் ஆரஞ்சுதான். வெயில் விழுந்த காலையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை வாசலில் போட்டு, நாயை அதன் மேல் நிறுத்துங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

முதலில் மூக்கு, கண் விளிம்பு, பாதத்தின் அடி. இவை கறுப்பா, சாக்லேட் பழுப்பா, சாம்பல் கலந்த நீலமா என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர் மாதங்களில் சில நாய்களின் மூக்குக் கறுப்பு நடுவில் வெளிறி இளஞ்சிவப்பாகும். அதைப் பார்த்துவிட்டுப் பழுப்பு மூக்கு என்று எழுதிவிடாதீர்கள். கண் விளிம்பு பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது மயிர். ஆரஞ்சு நாயானால் வாலின் மேற்புறம், காதின் ஓரம், முதுகு ஆகிய இடங்களில் மயிரை ஊதி விலக்கி, நுனி கறுத்த மயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மீசையையும் பாருங்கள். எங்கள் பெட்டையின் வால் அடியில் நுனி கறுத்த மயிர் ஒரு கற்றை இருந்தது. மீசையில் நான்கைந்து கறுப்பு. இத்தனை நாள் தடவிக் கொடுத்தும் நான் அதைக் கவனித்ததில்லை. பண்டாரவளைக் கடுவனின் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மூக்கு மை போலக் கறுப்பு, ஆனால் உடம்பில் ஒரு கறுப்பு மயிர் இல்லை. மீசை கூட வைக்கோல் நிறம். இரண்டு ஆரஞ்சும் ஒரே ஆரஞ்சு அல்ல என்பது அங்கேதான் பிடிபட்டது.

குட்டியின் நிறத்தைப் பிறந்த வாரத்தில் தீர்மானிக்கக் கூடாது. ஆரஞ்சு சேபிள் (ஆரஞ்சு உடம்பில் அங்கங்கே கறுப்பு நுனி மயிர்) குட்டி பிறக்கும்போது எலி நிறத்தில், முதுகு கருகினாற்போல இருக்கும். மாதம் ஏற ஏற வெளுக்கும். நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் குட்டி மயிர் உதிரும் பருவத்தில் பொமரேனியன் பார்க்கவே பாவமாக இருக்கும். அதுவும் கடந்த பிறகுதான் உண்மையான நிறம். வாரத்துக்கு ஒரு படம் எடுத்துத் திகதி போட்டு வையுங்கள். வம்சப் பத்திரங்களில் உள்ள பிழைகளில் பல, எட்டு வாரக் குட்டியைப் பார்த்து எழுதிய நிறத்தால் வந்தவை.

படி 2: துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி

ஒரே கொழுந்திலிருந்து கறுப்புத் தேயிலையும் வருகிறது, பச்சைத் தேயிலையும் வருகிறது. நாயின் நிறமும் அப்படியே. டைரோசின் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து இரண்டு நிறப்பொருள்கள் உருவாகின்றன: கறுப்பு வகை யூமெலனின், செம்மஞ்சள் வகை ஃபியோமெலனின். பொமரேனியனின் எல்லா நிறமும் இந்த இரண்டின் விளையாட்டு. வெள்ளை என்பது இரண்டும் இல்லாத இடம், அல்லது செம்மஞ்சள் வெளிறிப்போன இடம்.

எந்த மயிரில் எது வர வேண்டும் என்று தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று பரம்பரையலகுகள் (மரபணுக்கள்). நாய்க்கு 39 சோடி நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்). ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். இந்த மூன்றுக்கும் ஆங்கில எழுத்துகளில் ஈ, கே, ஏ என்று பெயர். (ஈ என்றதும் பறக்கும் ஈயை நினைக்க வேண்டாம், என் மகள் அதைச் சொல்லியே அரைமணி நேரம் சிரித்தாள்.) தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கிடைத்த வழி இது: தேயிலைத் தோட்டத்தில் துரை மேலே, கணக்கப்பிள்ளை அடுத்து, கங்காணி அதற்குக் கீழே.

ஈ என்பது துரை. இது நிறக் கலத்தின் மேலுள்ள, கட்டளையைப் பெறும் ஒரு வாங்கியை உண்டாக்கும் பரம்பரையலகு. அது சரியாக இருந்தால் மயிரில் கறுப்பு உருவாகலாம். இரண்டு பிரதியும் பழுதானால், அதாவது 'சின்ன ஈ' இரண்டு சேர்ந்தால், மயிரில் கறுப்புக்கே இடமில்லை. உடம்பு முழுக்க ஆரஞ்சு, கிரீம் அல்லது வெள்ளை. தோலை இது தொடுவதில்லை, ஆகவே மூக்கு கறுப்பாகவே இருக்கும். பண்டாரவளைக் கடுவன் இப்படிப்பட்டது.

கே என்பது பெரிய கணக்கப்பிள்ளை. 2007இல்தான் இதன் பரம்பரையலகு இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்டது. கே-யின் ஆட்சியான வடிவம் ஒன்று இருந்தாலே நாய் முழுக் கறுப்பு. 'சின்ன கே' இரண்டு இருந்தால் கணக்கப்பிள்ளை விலகிக்கொண்டு வேலையைக் கீழே விடுகிறார்.

ஏ என்பது கங்காணி. எந்த இடத்தில் கறுப்பு, எந்த இடத்தில் ஆரஞ்சு என்று பிரித்துக்கொடுப்பது இதன் வேலை. இதில் பல எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள் உண்டு. மேலே நிற்பது சேபிள்: ஆரஞ்சு உடம்பு, அங்கங்கே கறுப்பு நுனி. அதற்குக் கீழே ஓநாய்ச் சாம்பல். அதற்கும் கீழே கறுப்பு உடம்பும் புருவத்திலும் காலிலும் மஞ்சள் புள்ளியுமான கறுப்பு-டான்.

கங்காணி என்ன சொன்னாலும் கணக்கப்பிள்ளை மாற்றலாம். கணக்கப்பிள்ளை என்ன எழுதினாலும் துரை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் எழுதியது புத்தகத்திலேயே இருக்கும். வேறு துரை வந்தால் அது நடைமுறைக்கு வரும். முழு விஷயமும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

படி 3: சதுரம் போடுங்கள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கட்டம் கீறினாள். கடுவனுக்குச் சின்ன ஈ இரண்டு. ஆகவே அதன் கே என்னவென்று கண்ணுக்குத் தெரியாது. அதனிடம் கறுப்புக்கான கே ஒன்று மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டை சேபிள்: நல்ல ஈ இரண்டு, சின்ன கே இரண்டு.

ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து ஒரு நல்ல ஈ கிடைக்கும். அதாவது துரை மாறிவிட்டார். கறுப்புக்கு அனுமதி உண்டு. தந்தையிடமிருந்து பாதிக் குட்டிக்குக் கறுப்பு கே, பாதிக்குச் சின்ன கே. முன்னது கிடைத்தது முழுக் கறுப்பு, பின்னது கிடைத்தது சேபிள். நான்கில் இரண்டு கறுப்பு. எங்கள் கூடையில் இருந்ததும் அதுவே.

கணக்கு பொருந்துகிறது என்பதால் தந்தை அவரது கடுவன்தான் என்று நிரூபணம் ஆகிவிடாது. நாய்களில் ஒரே ஈற்றில் இரண்டு தந்தையரின் குட்டிகள் பிறக்க முடியும். நிறம் ஒரு சந்தேகத்தைத் தள்ளுபடி செய்யும். தந்தையைக் கைப்பிடித்துக் காட்டாது. அதற்கு டிஎன்ஏ பெற்றோர் பரிசோதனை வேண்டும்.

இதே முறையில் ஊரில் அடிக்கடி சண்டை மூட்டும் வேறு சில பிறப்புகளையும் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு சேபிளும் ஆளுக்கொரு கறுப்பு-டான் எதிருருவைச் சுமந்தால் கால்பங்குக் குட்டிகள் கறுப்பு-டான். இரண்டு கறுப்பும் சின்ன ஈயைச் சுமந்தால் கால்பங்கு ஆரஞ்சு அல்லது கிரீம். இவற்றில் ஒன்றுக்கும் வேலி தாண்டிய நாய் தேவையில்லை.

நடக்கவே கூடாதவை சில உண்டு. அவற்றைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். சின்ன ஈ இரண்டிரண்டு உள்ள பெற்றோருக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது. பழுப்பு மூக்குப் பெற்றோர் இருவருக்குக் கறுப்பு மூக்குக் குட்டி பிறக்காது. மேர்ள் எனப்படும் திட்டுத்திட்டான பளிங்கு நிறம், பெற்றோரில் ஒருவரிடமாவது வெளிப்படையாகவோ மறைந்தோ இல்லாமல் வராது. இப்படி ஒன்று பிறந்தால் அப்போது கேள்வி கேளுங்கள்.

விகிதத்தை மட்டும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். கால்பங்கு என்றால் நான்கில் கட்டாயம் ஒன்று என்று பொருள் இல்லை. நான்கு குட்டியில் ஒன்றுகூட அந்த நிறத்தில் வராமல் போக 100க்கு 32 அளவு வாய்ப்பு இருக்கிறது. ஓர் ஈற்றை வைத்து 'என் நாயிடம் அது இல்லை' என்று சத்தியம் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

படி 4: பழுப்பு, நீலம், வெள்ளை

பி என்ற இடம் (இதுவும் ஒரு பரம்பரையலகுதான்) கறுப்பைச் சாக்லேட் பழுப்பாக்கும். டி என்ற இடம் கறுப்பை நீலச் சாம்பலாக மங்கச் செய்யும். இரண்டும் பின்னிடைவானவை, இரண்டு பிரதி வேண்டும், மூக்கையும் மாற்றிவிடும். நீல நாய்கள் சிலவற்றில் மயிர் மெலிந்து உதிரும் தோல் சிக்கல் வருவதுண்டு. நீலம் கேட்டு அலைகிறவர் பெற்றோரின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும். உடம்பில் வெள்ளைத் திட்டுகள் எஸ் இடத்தின் வேலை.

முழு வெள்ளைப் பொமரேனியன் பெரும்பாலும் சின்ன ஈ இரண்டு உள்ள நாய்; அதன் ஆரஞ்சு வெளிறி வெளிறி வெள்ளையாகிவிட்டது. ஆனால் மலைநாட்டு நகரங்களில் 'வெள்ளைப் பொமரேனியன்' என்று விற்கப்படுவதில் பல, முழங்கால் உயரத்துக்கு வளரும் ஸ்பிட்ஸ் வகை. பிரித்தானியத் தர நிர்ணயத்தில் பொமரேனியன் கடுவன் 1.8 முதல் 2 கிலோ, பெட்டை 2 முதல் 2.5 கிலோ. வீட்டு நாய் சற்றுக் கூடலாம். எட்டுக் கிலோ வெள்ளை நாய்க்குப் பொமரேனியன் விலை கொடுக்க வேண்டியதில்லை. அது நல்ல நாயாக இருப்பது வேறு விஷயம்.

படி 5: மேர்ளைக் கண்டால் நில்லுங்கள்

ஏப்ரல் பருவகாலத்தில் நுவரெலியாவில் கூட்டம் சேரும்போது, நீலக் கண்ணும் பளிங்குத் திட்டுமாக ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'அபூர்வ நிறம்' என்று மூன்று மடங்கு விலை சொல்வார்கள். குட்டி அழகுதான். எனக்குக் கோபம் வருவது அதை விற்பவர் அடுத்துச் செய்யப்போவதை நினைத்து.

மேர்ளுக்கான பரம்பரையலகு 2006இல் அடையாளம் காணப்பட்டது. இடையில் செருகப்பட்ட ஒரு சிறு டிஎன்ஏத் துண்டு, கறுப்பு நிறப்பொருளை அங்கங்கே சிதைக்கிறது. ஒரு பிரதி இருந்தால் பளிங்கு. மேர்ளுடன் மேர்ளைச் சேர்த்தால் கால்பங்குக் குட்டிகளுக்கு இரண்டு பிரதி. இப்படிப் பிறப்பவை பெரும்பாலும் வெள்ளை. செவிடாகவும், கண் சிறுத்தோ பார்வை இழந்தோ பிறக்கும் ஆபத்து மிக அதிகம். டாக்ஸ்ஹவுண்டில் இதே நிறத்துக்கு டாப்பிள் என்று பெயர், ஆபத்தும் இதேதான்.

'நான் மேர்ளுடன் மேர்ளைச் சேர்க்க மாட்டேன்' என்று சொன்னால் போதாது. மேர்ள் சிதைப்பது கறுப்பை மட்டுமே. கறுப்பே இல்லாத, சின்ன ஈ இரண்டு உள்ள ஆரஞ்சு நாயில் மேர்ள் இருந்தாலும் தெரியாது. சேபிள் நாயில் குட்டிப் பருவத்தில் தெரிந்து, வளர்ந்தபின் மறைந்துவிடலாம். ஆகவே மேர்ள் பெற்றோருக்குப் பிறந்த ஆரஞ்சு, கிரீம், வெள்ளை நாய்கள் எல்லாவற்றையும் பரிசோதனை முடிவு வரும்வரை மேர்ள் என்றே எண்ணி நடக்க வேண்டும். பொமரேனியன் பழைய வம்சங்களின் நிறம் அல்ல இது. பன்னாட்டு நாய்ச் சம்மேளனத்தின் தர நிர்ணயத்திலும் இதற்கு இடமில்லை.

படி 6: பத்திரத்தை வண்ணப் பென்சிலோடு வாசியுங்கள்

பொமரேனியன் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா என்ற நிலப்பகுதியின் பெயரைச் சுமக்கிறது. அது இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பிரிந்து கிடக்கிறது. ஆதியில் இது இவ்வளவு சிறிய நாய் அல்ல. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் புளோரன்ஸிலிருந்து மார்கோ என்ற சிறிய செந்நிற நாயைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் சிறிய நாய்க்கு மவுசு ஏறியது. தேயிலையோடு வந்த துரைமாரின் பங்களாக்களில் வேட்டை நாய்களுக்குப் பக்கத்தில் மடி நாய்களும் வளர்ந்தன. ஆனால் 'எங்கள் நாய் துரை பங்களா வம்சம்' என்று யாராவது சொன்னால், பத்திரத்தைக் கேளுங்கள்.

மூன்று தலைமுறைப் பத்திரத்தில் 14 முன்னோர், நான்கில் 30, ஐந்தில் 62. நகல் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எழுதியிருக்கும் நிறத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். நான் கேட்டதும் பண்டாரவளைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கடுவனின் பத்திரத்தை அனுப்பினார். தாய் ஆரஞ்சு. தாயின் தந்தைக்கு நேரே 'கறுப்பு' என்று இருந்தது. அந்தக் கறுப்புக் கே பாட்டனிடமிருந்து ஓர் ஆரஞ்சு மகளுக்குள் மறைந்து, அவளிடமிருந்து ஓர் ஆரஞ்சு மகனுக்குள் மறைந்து, ஹட்டனில் வந்து தலைகாட்டியிருக்கிறது. இடையில் இரண்டு தலைமுறை யாருக்கும் தெரியாது.

நிறத்தைத் தீட்டிய அதே தாளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைச் சுற்றி வட்டமிடுங்கள். நிறத்தைவிட இது முக்கியம். மலைநாட்டில் நல்ல கடுவன் என்று பெயரெடுத்தது ஒன்றோ இரண்டோ. பதுளை முதல் ஹட்டன் வரை எல்லாரும் அதையே தேடிப்போவார்கள். இரண்டு மூன்று ஈற்றில் ஊர் நாய்களெல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

நெருக்கத்தை எண்ணுவது எளிது. கடுவனிலிருந்து பொது முன்னோர் வழியாகப் பெட்டை வரை எத்தனை நாய் என்று எண்ணுங்கள். அத்தனை முறை பாதியாக்குங்கள். இருவருக்கும் தந்தை ஒன்று, தாய் வேறு என்றால் கடுவன், தந்தை, பெட்டை என மூன்று: பாதியின் பாதியின் பாதி, 12.5 வீதம். பொது முன்னோர் ஒன்றுக்கு மேற்பட்டால் ஒவ்வொரு வழியையும் தனியே எண்ணிக் கூட்ட வேண்டும். ஆகவே உடன்பிறந்தவர்களைச் சேர்த்தால் 25 வீதம். ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு 6.25. தந்தையும் மகளும் என்றாலும் 25 வீதம். பிறக்கும் குட்டியில் ஒரு பரம்பரையலகின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரின் நகலாக இருக்கும் வாய்ப்பு அது. மறைந்திருக்கும் நோய்கள் வெளிவருவதும் அந்த வழியில்தான். நிறத்தை நிலைநிறுத்துகிறேன் என்று தகப்பனுக்கே மகளைச் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் குட்டி வாங்குவதில்லை.

படி 7: கன்னத்து மாதிரி

எல்லாச் சந்தேகமும் கண்ணால் தீராது. வெளிநாட்டு ஆய்வகங்கள் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுக்கும் மாதிரியில் நிறப் பரிசோதனை செய்கின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலுள்ள கால்நடை மரபணு ஆய்வகம் அவற்றில் ஒன்று. ஈ, கே, ஏ, பி, டி, மேர்ள் ஆகிய ஆறும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தைச் சண்டை என்றால் பெற்றோர் பரிசோதனையைத் தனியே கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முன் நாய்க்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். பால் குடிக்கும் குட்டியைத் தாயிடமிருந்து சற்று நேரம் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் தாயின் கலமும் சேர்ந்து வரும். தூரிகையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் விட்டுச் சுழற்றுங்கள். பிறகு உலர்த்துவது. எங்கள் ஊரில் ஜூலை மாதத்தில் துவாயே மூன்று நாளானாலும் காயாது. நான் சமையலறையில் அடுப்புக்கு எட்டத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்திக் காயவிட்டேன். உலர்ந்த பின் தாள் உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். உறையின் மேல் நாயின் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள். நான்கு குட்டியின் தூரிகைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எடுக்கப் பயமாக இருந்தால் மிருக வைத்தியரிடம் போகலாம். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

இன வீதம் சொல்லும் பரிசோதனையும் விற்கிறார்கள். உங்கள் நாயை அந்த நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் நாய்களோடு ஒப்பிட்டு வரும் மதிப்பீடு அது. பதிவுப் பத்திரத்துக்குப் பதிலாக அதை நீட்ட முடியாது. பத்திரத்தில் உள்ள நாய்தான் உங்கள் மடியில் உள்ள நாய் என்று காட்ட, மைக்ரோசிப் இலக்கம் பொருந்த வேண்டும்.

எங்கள் முடிவு ஏழு வாரத்தில் வந்தது. தந்தை பண்டாரவளைக் கடுவனே, நான்கு குட்டிக்கும். கடுவனுக்குச் சின்ன ஈ இரண்டு, கறுப்புக் கே ஒன்று. கொப்பியின் பின்பக்கத்தில் இருந்தது போலவே. தாளைப் படமெடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரயிலில் அவரே வந்து இறங்கினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. தேநீர் குடித்தார். குட்டிகளைப் பார்த்தார். தனக்குச் சேர வேண்டியதைத் தரச் சொன்னார். ஆரஞ்சுக் குட்டிகள் இரண்டையும் தூக்கிக் காட்டினேன். "இல்லை தங்கச்சி, அந்தக் கறுப்பு" என்றார்.